எங்கள் ஊர் ஃபைபர் இணைப்பு: வேகத்துக்கு முழு மதிப்பெண், வடிகட்டிக்கு இல்லை

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கோ கடைக்கோ ஃபைபர் இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, “எக்கா, ஸ்பீடு கிடைக்குமா?” என்றுதான். கிடைக்கும். நான் வைத்திருப்பது 100 எம்பிபிஎஸ் திட்டம். மாதம் 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பகல் நேரத்தில் 90க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. வேகத்தைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கம்பி வழியாக எது வருகிறது, எது வராமல் நிற்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள், முடிவு செய்ததை நம்மிடம் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லும் ஏற்பாடு ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமும் இல்லை.

நான் நடத்துவது சின்ன கம்ப்யூட்டர் சென்டர். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், கல்லூரி விண்ணப்பம், பான் கார்டு, பாஸ்போர்ட்டுக்கு நாள் போட்டுக் கொடுப்பது, ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது. வருகிறவர்களில் நிறையப் பேர் நர்சிங் படிக்கிற பிள்ளைகள். மிடாலம், குறும்பனைப் பக்கமிருந்து கடல்தொழில் குடும்பங்கள் வரும். ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள் வேலை முடிந்து பதினோரு மணிக்கு மேல் வருவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவில் இருக்கிற ஊர் என்பதால் விசா, டிக்கெட், சான்றிதழ் அட்டெஸ்டேஷன் வேலைகளும் உண்டு. நெட் இல்லாத நாளில் எனக்குக் கடை இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. இணைப்பைக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் வெகுகாலமாகக் கேபிள் டிவி நடத்தும் அண்ணன். பெரிய நிறுவனத்தின் ஃபைபரை இவர் வாங்கி வீடுவீடாகக் கொடுக்கிறார். போன் செய்தால் எடுப்பார். ஐப்பசி மழையில் இடி விழுந்து அடாப்டர் கருகினால் அன்றைக்கே மாற்றித் தருவார். எங்கள் ஊரில் கம்பி அறுவதற்குத் தனியாகக் காரணம் வேண்டாம், காற்றில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும். அப்படி ஒருமுறை அறுந்தபோது லைனுக்கு வந்த தம்பி, கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கறுப்பு உறையை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரே வெட்டில் நுனியை நேராக்கி மெஷினுக்குள் வைத்தான். சின்னத் திரையில் இரண்டு நுனிகளும் தூண்களைப்போல் எதிரெதிரே தெரிந்தன. மெல்ல நகர்ந்து ஒன்றோடொன்று நேராகி, ஒரு பொறி பறந்ததும் ஒரே இழையாகிவிட்டன. ஏறக்குறைய தலைமுடி கனமே உள்ள அந்த இழையில்தான் என் கடை முழுக்க ஓடுகிறது. பெட்டியில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்ததும், “செரியாச்சு எக்கா” என்று எழுந்து போனான். சர்வீசுக்கு ஐந்துக்கு ஐந்து தாராளமாகக் கொடுப்பேன்.

எனக்குக் குறை வேறு இடத்தில்.

கேபிள் பில்லோடு ஒரு நோட்டீஸ் வந்தது. குறைந்த கட்டணத் திட்டம் ஒன்று, மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு வைத்தது. அதில் கடைசி வரி: ‘எங்கள் சினிமா பேக்கில் உள்ள செயலிகளைப் பார்த்தால் டேட்டா கழியாது.’ பலருக்கு இது சலுகையாகத் தெரியும். என் கடைக்கு வரும் பிள்ளைகளை வைத்து யோசித்துப் பாருங்கள். அதே திட்டத்தில் இருக்கும் ஒரு பெண் அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்திலோ யூடியூப்பிலோ உடற்கூறியல் பாடம் கேட்டால் அளவு கழியும். அடுத்த அறையில் அவள் அண்ணன் படம் பார்த்தால் கழியாது. மாதக் கடைசியில் வேகம் குறையும்போது நிற்பது பாடம்தான், படம் ஓடும். எந்தச் செயலி எந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, அவள் அப்பாவும் சொல்லவில்லை. கம்பியின் சொந்தக்காரருக்கும் செயலியின் சொந்தக்காரருக்கும் இடையில் நடந்த பேச்சு அது.

இந்தியாவில் இது சும்மா விடப்பட்ட விஷயமும் இல்லை. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று விதி போட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம், எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைக்கக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். அந்த விதி தானாக வரவில்லை. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திக்கொண்டது. 2015 ஏப்ரலில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஏர்டெல் ஜீரோ திட்டத்தில், செயலிக்காரர்கள் பணம் கட்டினால் பயனருக்கு டேட்டா இலவசம் என்றார்கள். சேர இருந்த ஃபிளிப்கார்ட், மக்கள் கோபத்தைப் பார்த்துச் சில நாட்களிலேயே விலகியது. அந்த மாதம் டிராய்க்குப் போன மின்னஞ்சல்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. பிறகு ஃபேஸ்புக், ஃப்ரீ பேசிக்ஸ் என்ற பெயரில் ஏழைகளுக்கு இலவச இணையம் என்று வந்தது. இணையம் முழுவதும் இல்லை, அவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டுச் சேர்ந்த தளங்கள் மட்டும். 2016 விதியோடு அதுவும் இங்கே முடிந்தது.

அந்த ஃப்ரீ பேசிக்ஸ் எங்கள் கடற்கரைக்கு நிலைத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. என் அம்மாவழி அண்ணன் தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர். கரையை விட்டுக் கிளம்பும் முன் செல்லில் விண்டி செயலியைத் திறந்து காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் பார்ப்பார். அதோடு வானிலைத் துறையின் எச்சரிக்கை, மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் கடல் நிலவரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஒரே இடத்துச் செய்தியை மட்டும் நம்பிக் கடலுக்குப் போக எங்கள் ஆட்களுக்கு மனம் வருவதில்லை. இலவசப் பட்டியலில் ஒரே ஒரு வானிலைத் தளம் இருந்து, மற்றதெல்லாம் காசு என்றிருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பது என்கிற பழக்கமே வளர்ந்திருக்காது. எந்தத் தகவல் ஒருவன் உயிரைக் காக்கும் என்று கம்பியின் சொந்தக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் அவர் தேர்ந்தெடுக்கக்கூடாது என்கிறேன்.

நோட்டீசை எடுத்துக்கொண்டு கேபிள் அண்ணனிடம் போனேன். “மக்களே, அது கம்பெனி அனுப்பினதாக்கும். நான் என்ன செய்ய?” என்றார். விதியின் நகலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நிறுவனத்தின் ஆள் போனில் பேசும்போது, அந்தப் படங்கள் எங்கள் உள்வலையிலேயே இருக்கின்றன, வெளி இணையத்துக்குப் போவதில்லை என்று வாதாடினார். மூடிய உள்வலைக்கு விதியில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் விதியை ஏய்ப்பதற்காக அந்த விலக்கைப் பயன்படுத்தக்கூடாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது, தவிர அவர்கள் பட்டியலில் இருந்த செயலிகளை எந்த நெட்டிலும் பார்க்கலாம். அடுத்து வந்த நோட்டீசில் அந்த வரி இல்லை. எடுத்ததற்கு நன்றி. ஏன் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்.

சாயங்கால வேகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை வேகம் பார்க்கும் தளங்களில் எண் நன்றாகத்தான் காட்டும், ஆனால் விண்ணப்பத்தோடு போட்டோவும் கையெழுத்தும் ஏற்றும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளத்தில் பார்த்தால் எண் வேறாக வரும். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது. அவர்கள் படம் அனுப்புகிற அதே சர்வர்களிலிருந்து அளப்பதால், சோதனைக்கு மட்டும் தனி வழிவிட்டு ஏமாற்றுவது கடினம். இதை வைத்து என் நிறுவனம் திருட்டுத்தனம் செய்கிறது என்று சொல்லமாட்டேன். யூடியூப் போன்ற பெரிய தளங்களின் பிரதிகள் நெட் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே சேமிப்பில் இருக்கும், அதனால் அவை வேகமாக வரும். அது விதிக்கு உட்பட்டதுதான். அரசுத் தளங்களுக்கு வெளியே போகவேண்டும். வெளியே போகும் குழாயை நிறுவனம் சின்னதாக வாங்கியிருந்தால் கூட்ட நேரத்தில் நெரிசல்தான். பேச்சிப்பாறைக் கால்வாயில் மேல்மடைக்காரர் வயல் நிறைந்து கிடக்கும்போது கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார், அதுபோல. தண்ணீரே குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மடையை யாரோ திருப்பியிருக்கிறார்களா என்பது அவருக்குத் தெரியவேண்டும். எல்லாத் தளங்களையும் பாகுபாடில்லாமல் நடத்தவேண்டும் என்று மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்ட இணையச் சமநிலைக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. நெரிசலைச் சமாளிக்க ஏதாவது செய்யலாம், ஆனால் அது தேவையான அளவுக்கு, தேவையான நேரத்துக்கு மட்டும் இருக்கவேண்டும், வெளிப்படையாகவும் இருக்கவேண்டும். என் நிறுவனத்தின் தளத்தில் அப்படியொரு விளக்கத்தைத் தேடினேன். இல்லை.

இனி வடிகட்டி.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை, மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் சுயபரிசோதனை பற்றிப் புராஜெக்ட் செய்யவேண்டும் என்று வந்தாள். ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையின் விளக்கப் பக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். திறக்கவில்லை. ‘தளத்தை அடைய முடியவில்லை’ என்று வெள்ளைத் திரை. திரும்பத் திரும்பத் தட்டினாள். பக்கத்து சிஸ்டத்தில் மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்ததும், தேடியிருந்த வார்த்தைகளை அவசரமாக அழித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் எதாவது தப்பாப் போட்டுட்டேனா எக்கா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. என் செல்லில் மொபைல் நெட்டில் அதே பக்கம் உடனே திறந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போனபிறகு நானே உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். மாதவிடாய்க் கப் பற்றிய ஒரு பக்கம் வரவில்லை. எச்ஐவி ஆலோசனைப் பக்கம் வரவில்லை. குடி நிறுத்தும் மறுவாழ்வு மையத்தின் தளம் வரவில்லை. சூதாட்ட விளம்பரம் நிறைந்த தளங்கள் ஒரு தடையும் இல்லாமல் வந்தன. சிஸ்டத்தின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் எண்ணை மாற்றிப் பார்த்தேன், எல்லாம் திறந்தன. நாம் தளத்தின் பெயரைத் தட்டும்போது அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை எடுத்துக் கொடுக்கும் சர்வர் ஒன்று இருக்கும். பொதுவாக அது நெட் கொடுக்கும் நிறுவனத்துடையதுதான். அங்கே ஒரு பட்டியலைப் போட்டு, பட்டியலில் உள்ள பெயர்களுக்கு ‘அப்படியொரு முகவரி இல்லை’ என்று பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். தடுக்கப்பட்டது என்று காட்டவில்லை. இல்லவே இல்லை என்று பொய் சொல்கிறது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். “சைட் டவுனா இருக்கும் மேடம்” என்றார்கள். அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “அது குடும்பப் பாதுகாப்பு ஃபில்டராக்கும் மக்களே. பிள்ளைங்க உள்ள வீடுகள் அல்லவா, நல்லதுக்குத்தான் எல்லா கனெக்‌ஷனுக்கும் போட்டு விட்டிருக்கு. இந்நாள்வரை ஒருத்தரும் குறை சொன்னதில்ல.” குறை எப்படி வரும்? தடுத்தது தெரிந்தால்தானே குறை சொல்வார்கள். தளம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். அல்லது அந்தப் பிள்ளையைப்போல, தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்கள்.

எனக்கும் எட்டாம் வகுப்பு படிக்கிற மகன் இருக்கிறான். அவன் செல்லில் வடிகட்டி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். எது மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் வளர வளர ஒவ்வொன்றாகத் திறப்பேன். பெற்றோர் செய்யவேண்டிய வேலை அது. அண்ணனின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை அவர் போடவில்லை, பார்த்ததும் இல்லை. எங்கோ ஒரு நிறுவனம் வார்த்தைகளை வைத்துத் தானாகத் தயாரித்த பட்டியல், வயது வந்த பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று இந்த ஊரில் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. உரிமத்தின்படியும் இது சரியில்லை. சட்டப்படியான உத்தரவு இல்லாமல், வாடிக்கையாளர் கேட்காமல், உள்ளடக்கத்தைப் பார்த்துத் தடுப்பது இணையச் சமநிலைக்கு நேர் எதிரானது. கடிதம் எழுதிக் கொடுத்தேன், மறுநாள் என் இணைப்பில் மட்டும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம், ஆனால் பேச முடியாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசவேண்டும். 2018இல் அப்படிப் பேசுவதற்கு மாதம் 50 திர்ஹம் தனித் திட்டமாக விற்றார்கள். டேட்டாவுக்குக் காசு கட்டியபிறகு, அதே டேட்டாவில் மனைவி குரலைக் கேட்க இன்னொரு காசு. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் போட்டிம் என்ற செயலி செல்லில் இருக்கும், காரணம் இதுதான். அரசின் தடையும் கம்பெனியின் வருமானமும் ஒரே கதவில் எப்படிச் சேர்கின்றன என்பதை எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அமெரிக்காவிலும் நிலையாக இல்லை. 2015இல் இணையச் சமநிலை விதி வந்தது, 2017இல் எடுத்தார்கள், 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. நம்முடைய 2016 விதி இன்றும் நிற்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

அரசு தடுப்பது வேறு கணக்கு, அதற்காக நான் அண்ணனைக் குறை சொல்லமாட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் உத்தரவு வந்தால் நெட் நிறுவனம் அடைத்தே ஆகவேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணங்கள் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்ற 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்த அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும், பாதுகாப்பு நடைமுறைகள் இருக்கின்றன என்பதால். ஆனால் தளங்களைத் தடுப்பதற்கான 2009 விதிகளின் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நம் கண்ணில் படாது. குழந்தைகளை வைத்து எடுக்கும் அசிங்கங்களை அடைக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கடன் செயலிகளில் மாட்டி அழுதுகொண்டு வந்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன், அவற்றையும் அடைக்கட்டும். எதற்காக அடைத்தார்கள், யார் உத்தரவு, யாரிடம் முறையிடலாம் என்று திரையில் எழுதிப் போடுவதால் அந்தக் காரியம் எதுவும் கெட்டுப்போகாது.

எழுதாததால் என்ன ஆகிறது என்று 2025 பிப்ரவரி 15 அன்று பார்த்தோம். பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம் வந்த சர்ச்சைக்கு நடுவில் விகடன் தளம் பலருக்குத் திறக்காமல் போனது. அப்போது தடை பற்றி முறையான அறிவிப்பு எதுவும் வெளியாகியிருக்கவில்லை. என் கடைக்கு வந்தவர் “உங்க நெட்டு சரியில்ல” என்றுதான் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்கலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சித்திரம் சரியா தவறா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஒரு பக்கத்தில் சிக்கல் என்றால் மொத்தத் தளத்தையும் அடைப்பது எப்படிச் சரியாகும்? இதே உயர் நீதிமன்றம் 2012 ஜூனில், திருட்டுப் படம் தொடர்பான வழக்கில், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் தடுக்கவேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. அப்படியும் 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக வாங்கிய உத்தரவில் பழைய புத்தகங்களையும் இணையப் பக்கங்களையும் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளம் முழுவதும் மாட்டிக்கொண்டது. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடி என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அதுதான் நூலகம். படத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2018 மே மாதத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 22ஆம் தேதி தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. மறுநாள், வதந்தி பரவக்கூடாது என்று சொல்லித் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. அன்றைக்குத்தான் பத்தாம் வகுப்பு முடிவு. பொறியியல் கலந்தாய்வுக்கு முதல்முறையாக ஆன்லைனில் பதிவு நடந்துகொண்டிருந்த மாதமும் அதுதான். பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள், நான் திருப்பி அனுப்பினேன். தூத்துக்குடியில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. வதந்தி நிற்கவில்லை. வாய்வழியாக இன்னும் பெரிதாகிக்கொண்டே வந்தது, சரிபார்க்கத்தான் வழியில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒக்கியில் டவர்கள் விழுந்து கடற்கரை முழுக்கச் செய்தி இல்லாமல் தவித்தது. அது காற்று செய்தது. இது கையெழுத்துப் போட்டுச் செய்தது. இப்படி நிறுத்தும் உத்தரவுகளை வெளியிடவேண்டும், தேவைக்கு மீறாமல் இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் வழக்கில் சொன்னது.

சரி, இந்த இணைப்பை எடுக்கலாமா? எடுக்கலாம். வேகமும் ஆள் வருகிற வேகமும் நன்றாகவே இருக்கின்றன. பணம் கட்டும் முன் அண்ணனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வடிகட்டி போட்டிருக்கிறீர்களா, போட்டிருந்தால் எடுத்துத் தருவீர்களா. எந்தச் செயலிக்காவது டேட்டா கழியாமல் இருக்கிறதா. கூட்ட நேரத்தில் எதையாவது மெதுவாக்குகிறீர்களா. வாயால் சொல்லும் பதில் போதாது, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். குறை இருந்தால் கஸ்டமர் கேரில் புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அங்கும் தீராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் தளம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், நான் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

அண்ணனிடம் நான் கேட்டிருப்பது இரண்டு. வடிகட்டியை எல்லா வீட்டுக்கும் எடுத்துவிட்டு, வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் போடவேண்டும். யார் தடுத்தாலும், எதனால் திறக்கவில்லை என்று திரையில் தமிழில் ஒரு வரி வரவேண்டும். முதலாவதை நிறுவனத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். இரண்டாவதற்கு, “அது எங்க கையில இல்ல மக்களே, ஆனா கேட்டுப் பாக்கேன்” என்றார். என் வருடச் சந்தா ஐப்பசியில் முடிகிறது. அதற்குள் பதில் வந்தால் இந்த விமர்சனத்தின் கீழேயே சேர்த்துவிடுகிறேன், மதிப்பெண்ணையும் மாற்றுகிறேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.